ஒரு பந்தாட்ட மைதானமும் நமது பட்டாசுச் சீமையும்

இங்கிலாந்தின் வட பாகத்தில் பிராட்போர்டு என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே நூற்று நாற்பது வருஷங்களுக்குச் சமீபமாக ஜனங்கள் கூடிப் பந்தாட்டம் பார்த்துவரும் பழைய மைதானம் ஒன்று உண்டு. நமது தமிழ்நாட்டிலோ விருதுநகர் ஜில்லா இருக்கிறது. நெருப்பையே பிழைப்பாகக் கொண்டு நூறு வருஷமாக வாழ்ந்துவரும் சிவகாசிச் சீமை அதில் அடங்கியது. அந்த மைதானத்துக்கும் இந்தச் சீமைக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. விடையை ஒரு வருஷத்தைச் சொல்லித் தொடங்குகிறோம்.

1985-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பழைய ராமநாதபுரம் ஜில்லாவைப் பிரித்து, விருதுநகரில் பிறந்த பெருந்தலைவர் காமராஜரின் பெயரால் ஒரு புதிய ஜில்லாவை அமைத்தார்கள். அதுவே இப்போது விருதுநகர் ஜில்லா எனப்படுவது. அந்த ஜில்லா பிறந்து இரண்டு மாதம்கூட நிறையவில்லை. மே மாதம் 11-ந் தேதி சனிக்கிழமை பிற்பகலில், பிராட்போர்டு மைதானத்தின் பிரதான கொட்டகை தீப்பற்றி எரிந்தது. பந்தாட்டம் பார்க்க வந்தவர்களில் 56 பேர் மாண்டார்கள். தீக்குச்சி செய்கிற நமது ஜில்லா கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று அந்தச் சாம்பலில் இருந்தது. அதைத்தான் இங்கே சொல்லப் புகுகிறோம்.

முதலில் நமது சீமையைச் சற்றுப் பார்த்துவிடுவோம். விருதுநகர் சந்திப்பில் தென்காசி மார்க்கத்து ரயிலில் ஏறினால், குன்றின்மேல் பெருமாள் நின்றருளும் திருத்தங்கலைத் தாண்டியதும் சிவகாசி வந்துவிடும். இருபுறமும் பார்த்துக்கொண்டு போகலாம். கரிசல் காடு; ஆங்காங்கே பனை; எங்கு நோக்கினும் சீமைக் கருவேல மரம். மழை குறைந்த நாடு. வானத்தை நம்பி விதைத்தவன் பல வருஷங்களில் விதை நெல்லையும் இழந்தான். ஆனால் பயிருக்குப் பகையான அந்த வறண்ட காற்றே, ஈரம் பட்டால் கெட்டுப்போகும் தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் உற்ற நண்பனாக வந்து வாய்த்தது.

சிவகாசியிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் பிரியும் சாலைகளில் சென்றால் ஒரு விநோதக் காட்சியைக் காணலாம். பொட்டல் வெளியில் சின்னஞ்சிறு வெள்ளை அறைகள் ஒன்றுக்கொன்று எட்ட எட்ட நிற்கின்றன. ஏதோ ஒரு குழந்தை தீப்பெட்டிகளை எடுத்துத் தரையிலே பரப்பி வைத்து விளையாடியதுபோல் இருக்கிறது. நடுவே வேப்பமரங்கள், சில இடங்களில் மண்மேடுகள். இடம் நிறைய இருப்பதால் அப்படிக் கட்டினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஓர் அறை தீப்பற்றினால் மற்றோர் அறைக்கு அது தாவக்கூடாது என்பதற்காகவே அந்த இடைவெளி. அதாவது, விபத்து நேரும் என்று முன்கூட்டியே எண்ணிக் கட்டிய கட்டடங்கள் அவை.

இந்தத் தொழில் இங்கே வந்த கதை பெருமைக்குரியது. ஒரு காலத்தில் நம் வீடுகளில் அடுப்பு மூட்டிய தீக்குச்சிகள் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்தன. 1922-ம் வருஷத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றார்கள். மறுவருஷமே ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள். பெரிய யந்திரங்களை நம்பாமல் கைவேலையை நம்பியதால், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அதில் கஞ்சி கிடைத்தது. தீக்குச்சியிலிருந்து வர்ண மத்தாப்பும், மத்தாப்பிலிருந்து பட்டாசும் பிறந்தன. இரண்டாம் உலக மகா யுத்தத்தில் வெளிநாட்டுச் சரக்கு வருவது நின்றபோது சிவகாசிப் பட்டாசு தலையெடுத்தது. இன்று பாரத தேசம் கொளுத்தும் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு இந்தச் சீமையிலிருந்தே போவதாகக் கணக்கிடுகிறார்கள். ‘குட்டி ஜப்பான்’ என்று ஊருக்குப் புகழ்ப்பெயர் வந்ததும் இந்த உழைப்பினாலேயே.

இனி, கடல் கடந்து பிராட்போர்டுக்குச் செல்வோம். அதுவும் உழைப்பாளிகளின் ஊர்தான். நமக்குத் தீப்பெட்டி எப்படியோ, அவர்களுக்குக் கம்பளி அப்படி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்துக் கம்பளி வியாபாரத்தின் தலைநகரமாக அந்நகரம் விளங்கியது. அதன் ஒரு பகுதியான மானிங்ஹாமில் இருந்த பெரிய ஆலை ஒன்றில் 1890-ல் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீடித்தது. அதன் பயனாக எழுந்த விழிப்பினால் 1893-ம் வருஷத்தில் சுயேச்சைத் தொழிற்கட்சி அந்நகரத்திலேயே பிறந்தது. வாரமெல்லாம் தறியின் இரைச்சலில் கிடந்த அந்த ஜனங்களுக்குச் சனிக்கிழமைப் பிற்பகல் ஒன்றே சொந்தமான பொழுது. அந்தப் பொழுதைக் கழிக்க அவர்கள் சென்ற இடம் பந்தாட்ட மைதானம்.

‘வாலி பரேடு’ என்பது அந்த மைதானத்தின் பெயர். கிஷ்கிந்தையின் வாலிக்கும் இதற்கும் உறவில்லை. பள்ளத்தாக்கு என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல் அது. மானிங்ஹாமின் மலைச்சரிவில், 1886-ம் வருஷத்தில், ரக்பி ஆட்டம் ஆடிய ஒரு சங்கத்துக்காகச் சரிவை வெட்டிச் சமன்செய்து இம்மைதானத்தை அமைத்தார்கள். 1903-ல் அந்தச் சங்கத்தார் ரக்பியை விட்டுக் கால்பந்துக்கு மாறி, ‘பிராட்போர்டு சிட்டி’ என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்டார்கள். ஐந்தே வருஷங்களில், 1908-ல், அவர்கள் தேசத்தின் முதல் வகுப்புச் சங்கங்களில் ஒன்றாக உயர்ந்தார்கள். வரும் கூட்டத்துக்குப் பழைய மைதானம் போதவில்லை. ஆகவே, பந்தாட்ட மைதானங்கள் கட்டுவதில் பேர்பெற்ற ஸ்காத்லாந்து தேசத்து நிபுணர் ஆர்ச்சிபால்ட் லீச் என்பவரை அழைத்து விஸ்தரித்தார்கள். ஐயாயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து பார்க்கக்கூடிய பிரதான கொட்டகை அப்போதுதான் எழுந்தது.

அந்த மைதானத்தின் பொற்காலம் 1911-ம் வருஷம். அவ்வருஷம் மார்ச்சு 11-ந் தேதி பர்ன்லி சங்கத்துடன் நடந்த ஆட்டத்தைக் காண 39,146 பேர் திரண்டார்கள். அந்தக் கூட்டத்தை மிஞ்சிய கூட்டம் அங்கே பிறகு கூடவே இல்லை. அந்த வருஷமே பிராட்போர்டு அணி இங்கிலாந்தின் பிரசித்தி பெற்ற சங்கக் கோப்பையை வென்றது. அதில் ஒரு விசேஷம் உண்டு. அந்தக் கோப்பை அவ்வருஷம் புதிதாகச் செய்யப்பட்டது. செய்தவர்கள் பிராட்போர்டு நகரத்து நகைக்கடைக்காரர்களே. தங்கள் ஊரில் வார்த்த கோப்பையைத் தங்கள் ஊர்ப் பிள்ளைகளே வென்று கொண்டுவந்தால் ஊராருக்கு எவ்வளவு உவகை இருந்திருக்கும்!

இப்போது பிரதான கொட்டகையின் அமைப்பை நேயர்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் சோகத்துக்கு அந்த அமைப்பே காரணம். மலைச்சரிவின் மேல் அது கட்டப்பட்டிருந்தது. கொட்டகையின் பின்புறம் மேட்டில், தெருவின் மட்டத்தில் இருந்தது. ஜனங்கள் பின்புறத்துச் சுழல் கதவுகளின் வழியே சீட்டுக் கொடுத்து நுழைந்து, ஒரு நடையைக் கடந்து, படிப்படியாகக் கீழிறங்கித் தங்கள் ஆசனங்களில் அமர வேண்டும். எதிரே, பள்ளத்தில், பசும்புல் தரை. ஆசனங்களும் மரம், காலடியில் இருந்த பலகைகளும் மரம். தலைக்கு மேலே மரச்சட்டங்களும், அவற்றின்மீது தார் ஊறிய கெட்டித் துணியும் கூரையாக அமைந்திருந்தன. காலடிப் பலகைகளுக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே ஒரு பொந்து. பலகைகளின் இடுக்குகள் வழியாக எது விழுந்தாலும் அந்தப் பொந்தில் சேரும். சேர்ந்தது சேர்ந்தபடியே கிடக்கும்.

நம் ஊர்களில் திருவிழா முடிந்த மறுநாள் பந்தலடியைப் பார்த்திருப்பவர்களுக்கு, ஜனங்கள் கூடும் இடத்தில் எவ்வளவு குப்பை சேரும் என்று தெரியும். பிராட்போர்டில் அந்தக் குப்பை ஒரு நாள் குப்பையன்று. விபத்துக்குப் பின்னர் சாம்பலைக் கிளறியபோது, 1968-ம் வருஷம் நவம்பர் மாதத்துப் பத்திரிகை ஒன்று அகப்பட்டது. 1971-ல் ஆங்கிலேயர் நாணய முறையை மாற்றினார்கள் அல்லவா? அதற்கு முந்திய பழைய நாணயத்தில் விலை அச்சிட்ட நிலக்கடலைப் பொட்டலம் ஒன்றும் கிடைத்தது. நிலக்கடலை வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகர்க்காரர்கள் இதைக் கேட்டுத் திகைப்பார்கள். பதினான்கு வருஷத்துக்கு மேலாக அந்தப் பொட்டலம், தன்மேல் நெருப்பு விழும் நாளை எதிர்பார்த்து, இருட்டிலே காத்துக்கிடந்திருக்கிறது.

இதை ஒருவரும் அறியவில்லையா? அறிந்திருந்தார்கள். விபத்துக்குப் பத்து மாதங்களுக்கு முன்பே, 1984-ம் வருஷம் ஜூலையில், ஸ்தல ஸ்தாபன அதிகாரிகள் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார்கள். பலகைகளுக்கு அடியில் குப்பை சேர்ந்திருக்கிறது, அணைக்காமல் எறியும் ஒரு சிகரெட்டினாலும் தீ மூளலாம் என்பது அக்கடிதத்தின் சாரம். ஆனால் சங்கத்திடம் பணம் இல்லை. 1983-ல் அது திவாலாகும் நிலைக்கு வந்து பிழைத்தது. மைதானங்களின் பாதுகாப்புக்கென்று 1975-ல் ஏற்பட்ட சட்டமோ கீழ்வகுப்புச் சங்கங்களை இன்னும் கட்டாயப்படுத்தவில்லை. 1985-ல் பிராட்போர்டு அணி தன் வகுப்பில் முதலாவதாக வந்து மேல்வகுப்புக்கு உயர்ந்தது. இனிமேல் சட்டம் செல்லும். ஆகவே கூரையை இரும்பாலும் படிகளைக் காரையாலும் மாற்றி அமைக்க ஏற்பாடாயிற்று. இரும்பும் வந்து சேர்ந்தது. வருஷத்தின் கடைசி ஆட்டம் சனிக்கிழமை. அது முடிந்து இரண்டு நாளில் வேலையைத் தொடங்குவதாக உத்தேசம்.

அந்தச் சனிக்கிழமைதான் மே 11. லிங்கன் நகரத்து அணியுடன் ஆட்டம். வெற்றிக் கோப்பையை வாங்கும் நாள் என்பதால் வழக்கத்தைவிடப் பெருங்கூட்டம். 11,076 பேர் வந்திருந்தார்கள். தகப்பன்மார் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள்; தாத்தாக்கள் பேரன்மாரை அழைத்து வந்தார்கள். ஆட்டத்துக்கு முன்பே கோப்பையைக் கொடுத்தாகிவிட்டது. மாலை மூன்றே முக்கால் மணிக்குச் சற்று முன்னால், கொட்டகையின் ஒரு கோடியில், பலகை இடுக்கில் சிறு ஒளி தெரிந்தது. எரியும் தீக்குச்சியோ, சிகரெட்டோ, புகையிலைத் துணுக்கோ இடுக்கின் வழியாக உள்ளே விழுந்திருக்க வேண்டும் என்று பிறகு விசாரணையில் முடிவு கண்டார்கள். காலடியில் சூடு தட்டியவர்கள் எழுந்து ஒதுங்கினார்கள். அணைக்கும் கருவியைத் தேடினார்கள். கொட்டகையில் அது இல்லை. விஷமிகள் எடுத்து விளையாடுவார்கள் என்று அஞ்சி முன்பே அகற்றிவிட்டிருந்தார்கள்.

பிறகு நடந்தவை நான்கு நிமிஷத்துக்கு உட்பட்டவை. தீ பலகையில் ஏறிக் கூரையைத் தொட்டது. தார்க் கூரை அதைக் கொட்டகையின் நெடுக இழுத்துச் சென்றது. உருகிய தார் மழையாகப் பெய்தது. எதிர்ப்புறத்தில் இருந்தவர்களில் சிலருக்கு விபரீதம் முதலில் விளங்கவில்லை. தொலைக்காட்சிக் காமிராக்களை நோக்கிக் கையசைத்துக் கொண்டிருந்தார்கள். ஏதோ சிறு தீ, அணைந்துவிடும் என்ற நினைப்பு. தீயை வேடிக்கையாக எண்ணும் அந்த ஒரு நிமிஷம், எத்தனையோ இடங்களில் எத்தனையோ உயிர்களைக் குடித்திருக்கிறது.

முன்னோக்கி ஓடியவர்கள் தடுப்புச் சுவரை ஏறித் தாண்டிப் புல்தரையில் குதித்துப் பிழைத்தார்கள். நல்லகாலமாக அந்தப் பக்கத்தில் உயரமான கம்பிவேலி இல்லை. போலீஸ்காரர்களும் பார்வையாளர்களும் தங்கள் மேனி கருகுவதைப் பொருட்படுத்தாமல் திரும்பத் திரும்பச் சென்று முதியோரை இழுத்துப் போட்டார்கள். ஆனால் மனித சுபாவம் ஒன்று உண்டு: நுழைந்த வழியாகவே வெளியேறப் பார்க்கும். பலர் பின்னோக்கி, வந்த கதவுகளை நாடி ஓடினார்கள். சீட்டு வாங்காதவர் நுழையாதபடி அக்கதவுகள் பூட்டியிருந்தன. சுழல் கதவுகளோ உள்ளே வருவதற்கு மட்டும் சுழல்பவை. மாண்ட 56 பேரில் 27 பேருடைய உடல்கள் அந்தப் பின்வாசலின் அருகிலேயே கிடந்தன. 11 வயதுப் பாலகனும் அவர்களில் இருந்தான். 86 வயதுக் கிழவரும் இருந்தார். காயமுற்றவர்கள் 265 பேருக்கு மேல்.

இனி அந்த ஊரார் செய்ததைச் சொல்ல வேண்டும். அழுது ஓய்வதோடு அவர்கள் நிற்கவில்லை. சர்க்கார் உடனே நீதிபதி பாப்பிள்வெல் என்பவரின் தலைமையில் விசாரணை நடத்தினார்கள். இரண்டே வருஷத்தில், 1987-ல், தீப்பாதுகாப்பையும் விளையாட்டு மைதானங்களின் பாதுகாப்பையும் பற்றிய புதுச் சட்டம் வந்தது. சிறிய சங்கங்களின் கொட்டகைகளும் அதற்கு உட்பட்டன. புதிதாக மரக் கொட்டகை கட்டும் வழக்கம் ஒழிந்தது. தீக்காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்த வைத்தியர்கள், தாங்கள் கற்றதை வீணாக்காமல் அந்நகரத்துச் சர்வகலாசாலையில் தீக்காய ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அமைத்தார்கள். வெந்த கையைத் தூக்கி வைப்பதற்கு அவர்கள் கண்டுபிடித்த தொங்கு கட்டு ‘பிராட்போர்டுக் கட்டு’ என்றே வழங்குகிறது. மைதானத்தைப் புதுப்பித்து 1986 டிசம்பரில் திறந்தார்கள். இன்று ஏறக்குறைய 25,000 பேர் அமரக்கூடிய உறுதியான மைதானமாக அது இருக்கிறது. நகரத்தின் நடுவே நினைவுச் சின்னம். ஜெர்மனியில் உள்ள ஹாம் என்ற தோழமை நகரம் அதை அளித்தது. வருஷந்தோறும் மே 11-ந் தேதி ஊரார் அங்கே கூடி, மாண்டவர்களை நினைந்து மௌனமாக நிற்கிறார்கள்.

ஆயினும் பாடம் முழுவதையும் அந்தத் தேசமும் ஒரே தடவையில் கற்றுவிடவில்லை. பிராட்போர்டில் வேலி இல்லாததால் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். நான்கே வருஷங்களுக்குப் பின், 1989 ஏப்ரல் 15-ந் தேதி, ஷெபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில், வேலிக்கும் கூட்டத்துக்கும் நடுவே நெரிந்து 97 பேர் உயிரிழக்க நேர்ந்தது. வெளியே வர வழியில்லாத இடத்தில் கூட்டம் சேர்ப்பது குற்றம் என்பதை இருமுறை விலை கொடுத்துத்தான் அவர்கள் உணர்ந்தார்கள்.

இந்தக் கதையோடு நமது சீமைக்குத் திரும்புவோம். பொட்டல் வெளியில் எட்ட எட்ட நிற்கும் அந்த வெள்ளை அறைகளை மறுபடி பாருங்கள். பிராட்போர்டுக் கொட்டகையைக் கட்டியவர்கள் தீயை எண்ணிப் பார்க்கவில்லை. நம்முடைய அறைகளைக் கட்டுவதற்கு விதி வகுத்தவர்களோ தீயைத் தவிர வேறெதையும் எண்ணவில்லை. ஓர் அறையில் சிலர்தான் இருக்கலாம். இவ்வளவு மருந்துதான் இருக்கலாம். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். வழியை மறித்து ஒரு பெட்டிகூட வைக்கலாகாது. மருந்துக் கலவையைக் காலை வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். இரும்புக் கருவி உதவாது. உராய்ந்தால் பொறி பறக்கும். வேலைக்கு வருபவர்கள் பருத்தி ஆடைதான் உடுத்த வேண்டும். வெடிமருந்தோடு வாழ்ந்து பழகிய அறிவு ஒவ்வொரு விதியிலும் இருக்கிறது. ஏட்டளவில் பார்த்தால், 1985-ம் வருஷத்து இங்கிலாந்து மைதானத்தைவிட நமது பட்டாசு ஆலை எவ்வளவோ மேலானது.

அப்படியிருந்தும் ஆண்டு தவறாமல் துக்கச் செய்தி வருவானேன்? பிராட்போர்டின் கதையில் வரும் நான்கு பொருள்களை எடுத்துக்கொண்டு பார்த்தால் விடை விளங்கும்.

முதலாவது குப்பை. பலகைக்கடியில் பதினைந்து வருஷத்துக் காகிதம் கிடந்ததுபோல, ஆலைகளில் கழிவு மருந்து சேர்கிறது. அன்றாடம் அப்புறப்படுத்தி முறைப்படி அழிக்க வேண்டியதை நாளைக்கு என்று ஒதுக்கினால், அந்த நாளை ஒரு நாள் வெடித்தே தீரும்.

இரண்டாவது கதவு. தீபாவளி நெருங்கும்போது ஆர்டர்கள் குவிகின்றன. உரிமம் பெற்றவர் உள்குத்தகைக்கு விடுவதும், நால்வர் இருக்க வேண்டிய அறையில் பலரை நெருக்கி உட்காரவைப்பதும், அறை போதாமல் மரத்தடியில் வேலை வாங்குவதும் பெரும்பாலும் அந்தப் பருவத்தில்தான். செய்த உருப்படிக்குக் கூலி என்பதால் தொழிலாளியும் நிதானிப்பதில்லை. எட்ட எட்டக் கட்டிய அறைகளின் பயனை, உள்ளே ஆளையும் சரக்கையும் நெருக்குவதால் நாமே அழித்து விடுகிறோம். வழியை மறித்து அடுக்கிய பெட்டிகள் பூட்டிய கதவுக்கு எவ்விதத்திலும் குறைந்தவை அல்ல.

மூன்றாவது வேடிக்கை. 2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசிக்கு அருகில் முதலிப்பட்டியில் நேர்ந்த பெரு விபத்தை நமது ஜில்லா மறக்க முடியாது. நாற்பதுக்குச் சமீபமானவர்கள் மாண்டார்கள். அவர்களில் பலர் ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர். முதல் வெடியைக் கேட்டுப் பார்க்கவும், உதவவும் அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஓடிவந்தவர்கள். அடுத்து நேர்ந்த பெரிய வெடிக்கு இரையானார்கள். உதவ ஓடியவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் தீப்பிடித்த வெடிமருந்துக் கிடங்கின் அருகே நிற்கக் கூடாது என்பதை ஒவ்வொரு கிராமத்திலும் குழந்தைப் பருவத்திலேயே கற்பித்திருந்தால், எத்தனை தாலிகள் நிலைத்திருக்கும்! 2016 அக்டோபரில் சிவகாசி நகரத்துக்குள்ளேயே பட்டாசுச் சரக்கு தீப்பற்றியபோது, அடுத்திருந்த வைத்தியப் பரிசோதனை நிலையத்துக்கு வந்திருந்த நோயாளிகள் புகையில் மூச்சடைத்து மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர்ப் பக்கத்து அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

நான்காவது அந்தத் திங்கட்கிழமை. பிராட்போர்டின் கதையில் நம் நெஞ்சை மிகவும் உறுத்துவது இதுவே. இரும்பு வந்துவிட்டது, வேலை திங்கட்கிழமை ஆரம்பம், விபத்து சனிக்கிழமை. பணம் இல்லை, இந்த வருஷம் போகட்டும், அடுத்த பருவத்தில் பார்ப்போம் என்ற சொற்கள் எந்தத் தேசத்துப் பாஷையில் சொன்னாலும் ஒரே பொருளைத்தான் தருகின்றன. அங்கே கடிதம் எழுதியவர்கள் எழுதினார்கள். வாங்கியவர்கள் வாங்கி வைத்தார்கள். இங்கேயும் சோதனை நடக்கிறது, எச்சரிக்கை போகிறது, உரிமம் நிறுத்தப்படுகிறது, பிறகு பருவம் வந்துவிடுகிறது.

நமது சீமையால் மாற முடியாது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று நினைவூட்டுவோம். ஒரு காலத்தில் விடியற்காலையிலேயே கிராமங்களிலிருந்து குழந்தைகளை பஸ்களில் ஏற்றித் தீப்பெட்டி ஆலைகளுக்குக் கொண்டுபோனார்கள். அது இந்த ஊரின் தலைவிதி என்றுதான் எல்லாரும் எண்ணினார்கள். சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று; 1996-ம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி தீர்ப்பு வந்தது. சட்டமும், பள்ளிக்கூடமும், பெற்றோரின் விழிப்பும் சேர்ந்து வேலை செய்தன. அந்த பஸ்களில் ஏறிய தலைமுறையின் பிள்ளைகள் கலாசாலைகளுக்குப் போகிறார்கள். பழையதை மாற்றிக்காட்டிய ஜில்லாவுக்கு இதையும் மாற்றத் தெரியும்.

செய்ய வேண்டியவை பெரிய மந்திரங்கள் அல்ல. கழிவு மருந்தை அன்றன்றே அழிக்க வேண்டும். ஓர் அறையில் இத்தனை பேர் என்ற கணக்கைத் தீபாவளிக்கு முந்திய மாதத்திலும் காக்க வேண்டும். தொழிலாளிகள் பயம் இல்லாமல் ‘இந்த அறையில் கூட்டம் அதிகம்’ என்று சொல்லி வெளியே வரும் உரிமை வேண்டும். விபத்து நடந்தபின் கொடுக்கும் நிவாரணத்தில் ஒரு பங்கையாவது விபத்துக்கு முன் செலவிட வேண்டும். இவற்றோடு, பிராட்போர்டைப்போல் மறவாமையும் வேண்டும். சட்டம் காகிதத்தில் இருக்கிறது. அதைக் காப்பது ஊராரின் நினைவே. முதலிப்பட்டியில் தீ எரிந்த செப்டம்பர் 5 நம் தேசம் முழுவதும் ஆசிரியர் தினம். அன்று நமது ஜில்லாவின் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, தீயைப் பற்றியும் அதிலிருந்து தப்புவதைப் பற்றியும் பாடம் நடத்தினால், ஆசிரியர்களுக்கு அதைவிடச் சிறந்த மரியாதை வேறென்ன இருக்கிறது?

சிவகாசித் தொழிலை நாம் குறை கூறவில்லை. மழை பொய்த்த பூமியில் மனிதர் தம் கையை நம்பி எழுப்பிய தொழில் அது; அழியக் கூடாது. பிராட்போர்டு ஜனங்களும் பந்தாட்டத்தைக் கைவிடவில்லை. அதே மைதானத்தில், அதே பள்ளத்தாக்கில், சனிக்கிழமைதோறும் தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து போய் ஆட்டம் பார்க்கிறார்கள். போனவர்கள் வீடு திரும்புகிறார்கள். சிவகாசிச் சீமையில் காலையில் சோற்றுத்தூக்குடன் வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கும் அந்த ஒரு நிச்சயத்தையே கேட்கிறோம். வருகிற தீபாவளியன்று மத்தாப்பைக் கையில் எடுக்கும் வீட்டார் ஒவ்வொருவரும் அதை உருட்டிய கை பத்திரமாக வீடு சேர்ந்ததா என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தால், அந்தக் கேள்வி கடைக்காரரையும், ஆலை முதலாளியையும், அதிகாரியையும் ஒரு நாள் எட்டாமல் போகாது.